எல்லாத் திணைக்களத்துக்கும் ஒரே வரைபடம்: எங்கேயிருந்து தொடங்குறது? (நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்)

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார். உள்ளூராட்சி மன்றம் ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராம். கேள்வி இதுதான்: "கொழும்பு மாதிரி ஒரு மாநகரத்தில் எல்லாத் திணைக்களமும் ஒரே ஜிஐஎஸ் (வரைபடத்தோட தரவை இணைக்கிற) மென்பொருளுக்கு வந்தால், புதுசாத் தார் போட்ட ரோட்டை அடுத்த மாசமே இன்னொருத்தர் வந்து தோண்டுறது நிற்குமா? எந்த மென்பொருளை வாங்கணும்?"

மென்பொருள் பற்றிக் கொஞ்சம் கழிச்சுச் சொல்றன். அதுக்கு முதல் தீர்க்க வேண்டிய ஒன்று இருக்கு. வெள்ளவத்தையில் ஒரு காணியை எடுத்துக்கொள்ளுங்க. சோலைவரி எடுக்கிற பிரிவுக்கு அது ஒரு மதிப்பீட்டு இலக்கம். கட்டட அனுமதி கொடுக்கிற பிரிவுக்கு விண்ணப்ப இலக்கம். வடிகால் பிரிவுக்கு அதுக்கு முன்னால இருக்கிற மேன்ஹோல் இலக்கம். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அவருடைய பிரிவில் ஒரு வீடு. தீயணைப்புக்கு ஒரு ஒழுங்கையும் வீட்டு நம்பரும். அஞ்சும் ஒரே காணி. ஆனா அஞ்சையும் சேர்க்கிற ஒரு பொது அடையாளம் இல்லாட்டி, எத்தனை கோடி கொடுத்து என்ன மென்பொருள் வாங்கினாலும் அஞ்சு தனித்தனி வரைபடம்தான் ஒரே திரையில தெரியும்.

அப்ப மதிப்பீட்டு இலக்கத்தையே பொது அடையாளமாக வைக்கலாமே என்று கேட்பீங்க. வேணாம். காணி பிரிபட்டா அந்த இலக்கமும் மாறும், 25 இருந்த இடத்தில் 25/1, 25/2 வரும். இன்னொரு தொல்லை எக்ஸல். 25/3 என்று தட்டினால் அது மார்ச் 25 என்று திகதியாக மாற்றிவிடும். ஆயிரக்கணக்கான வரிசை உள்ள கோப்பில் இது நடந்தால் கண்ணுக்குத் தெரியாது, வரைபடத்தோட இணைக்கும்போதுதான் நூற்றுக்கணக்கான வீடு "காணோம்" என்று வரும். கோப்பைத் திறக்க முதலே அந்த நிரலை (மேலிருந்து கீழாக வாற பத்தியை) எழுத்து வகை என்று குறிச்சிட்டுத்தான் தரவை உள்ளே எடுக்கணும். காணிக்கு அர்த்தமே இல்லாத ஒரு ஓட்ட இலக்கம் கொடுங்க. காணி பிரிந்தால் பழைய இலக்கத்தை ஓய்வுக்கு அனுப்பிட்டு இரண்டு புது இலக்கம். பழையது எதிலிருந்து எதுவாச்சு என்ற பதிவு இருக்கணும், ஒருநாளும் அழிக்கக்கூடாது. மதிப்பீட்டு இலக்கம் அதுக்குப் பக்கத்தில் ஒரு நிரலாக இருக்கட்டும்.

அடுத்தது ஆள்கூறு, அதாவது ஒரு இடத்தைக் குறிக்கிற எண்கள். இங்கேதான் அதிகமாகப் பிழைக்குது. நில அளவைத் திணைக்களத்தின் புதிய முறை எஸ்எல்டி 99, மென்பொருளில் ஈபிஎஸ்ஜி (ஆள்கூற்று முறைகளுக்கான பட்டியல் இலக்கம்) 5235 என்று தேடுங்க. பழைய பிளான்கள் கண்டவல என்ற தளத்தில் (அளவைக்கு எடுத்த அடிப்படையில்) அமைஞ்ச பழைய ஆள்கூற்றுக் கட்டத்தில் இருக்கும், அது 5234. இரண்டுக்கும் தொடக்கப் புள்ளி ஒன்றுதான், பிதுருதலாகலை மலை. ஆனா பழையதில் கிழக்கு, வடக்கு என்ற இரண்டு அச்சுக்கும் கூட்டுற எண் 200,000 மீற்றர், புதியதில் 500,000. அதனால பழைய பிளானைப் புதிய முறை என்று சொல்லித் திறந்தால் கொழும்பு தென்மேற்கே 400 கிலோமீற்றருக்கு அப்பால் கடலுக்குள்ள போய் விழும். அது நல்லது என்றே சொல்வன், உடனே பிடிபடும்.

பயப்பட வேண்டியது சின்னப் பிழைக்கு. போன் ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொதுத் தளத்தில். அதைத் தள மாற்றம் செய்யாமல் போட்டால் நூறு மீற்றருக்கு மேல விலகும். நகரம் நகரத்தின் மேலேதான் இருக்கும், ஆனா மேன்ஹோல் எல்லாம் அடுத்த ஒழுங்கையில் நிற்கும். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் பலபேர் செய்ற பிழை, லேயருக்கு (வரைபடத்தின் ஓர் அடுக்குக்கு) வேற முறையின் பெயரை ஒட்டிட்டு மாற்றியாச்சு என்று நினைக்கிறது. பெயர் ஒட்டினால் எண்கள் அப்படியே இருக்கும். புது முறையில் ஏற்றுமதி செய்தால்தான் எண்கள் உருமாறும்.

உயரத்தையும் கவனிக்கணும். செய்மதிக் கருவி தருகிற மூல உயரமும் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து எடுக்கிற உயரமும் இலங்கைப் பக்கத்தில் ஏறத்தாழ நூறு மீற்றர் வித்தியாசம், உலகத்திலேயே பெரிய வித்தியாசம் உள்ள பகுதிகளில் ஒன்று இது. கொழும்பில் நின்று அளந்தால் மைனஸ் தொண்ணூற்றுச் சொச்சம் என்று காட்டினா கருவி பழுதில்லை. புவியீர்ப்பில் ஓடுற கழிவுநீர்க் குழாய்க்கு 150க்கு 1 சரிவு என்றால் 30 மீற்றர் இடைவெளியுள்ள இரண்டு மேன்ஹோலுக்கு நடுவே வீழ்ச்சி 20 சென்ரிமீற்றர்தான். அங்கே மட்டக்கருவி வச்சு எடுத்த உயரத்தை மட்டும்தான் ஏற்கணும். போன் உயரத்தை அந்த நிரலுக்குள்ளேயே விடாதீங்க.

பெயர்களுக்கு வருவம். பழைய தமிழ்க் கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருக்கும். திரையில தமிழாகத் தெரிஞ்சாலும் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. தேடினால் வராது. சிங்களத்துக்கும் இதே கதை. யூனிகோடுக்கு மாற்றிட்டு, ஆளே ஒருதரம் வாசிச்சுப் பார்க்கணும். மூன்று மொழிக்கும் மூன்று நிரல், பழைய பெயர்களுக்குத் தனி அட்டவணை. டுப்ளிகேஷன் ரோட் என்று முறைப்பாடு வந்தாலும் ஆர்.ஏ. டி மெல் மாவத்தை என்று வந்தாலும் ஒரே வீதியில்தான் புள்ளி விழணும். வரைபடத் தரவை ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்தில் பரிமாற வேணாம். நிரல் பெயர் பத்து எழுத்துக்கு மேல நிற்காது. ஆங்கிலத்தில் அசெஸ்மென்ட் என்ற சொல்லே பத்து எழுத்து, அதுக்குப் பின்னால நம்பர், டேட் என்று வருவதெல்லாம் வெட்டுப்பட்டு எது எதுவென்று தெரியாமப் போகும். ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவத்தில் அனுப்புங்க.

இப்ப மென்பொருள். வரைபடத் தரவை வைக்கிற போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளம் ஒன்று, திருத்துறவர்களுக்குக் கியூஜிஐஎஸ், மற்ற எல்லாருக்கும் உலாவியில் பார்க்கிற வரைபடம். இதுக்கு உரிமக் காசு இல்லை, சேர்வருக்கும் அதைப் பார்க்கிற ஆளுக்கும்தான் காசு. ஏற்கெனவே உரிமக் காசு கட்டி எடுக்கிற ஆர்க்ஜிஐஎஸ் மென்பொருள் இருந்து அதில் பழகின ஆட்களும் இருந்தால் அதிலேயே போங்க. ஆனா உரிமம் எடுக்க முதல் உண்மையில் எத்தனை பேர் கோடு வரையிறாங்க என்று எண்ணுங்க. பெரும்பாலானவர்களுக்குப் பார்க்கவும் குறிப்புப் போடவும் இடம் இருந்தால் காணும்.

எந்த மென்பொருளானாலும் ஒவ்வொரு லேயருக்கும் ஒரே ஒரு சொந்தக்காரத் திணைக்களம் இருக்கணும். காணி எல்லையை மதிப்பீட்டுப் பிரிவு மட்டும் திருத்தட்டும், வீதி மையக்கோட்டைப் பொறியியல், மேன்ஹோலை வடிகால். மற்றவங்க பிழை கண்டால் அந்த இடத்தில் குறிப்புப் புள்ளி போடலாம், கை வைக்கக்கூடாது. உரிமையாளர் பெயர், அடையாள அட்டை இலக்கம், வரி நிலுவை எல்லாம் பொது வரைபடத்துக்கு வரவே கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. தீயணைப்பு வீரருக்குத் தேவை வாசல் எந்தப் பக்கம், தண்ணி பவுசர் உள்ளே போகுமா என்பது, வரி பாக்கி இல்லை.

தோண்டுற கேள்விக்கு வாறன். கொழும்பில் கழிவுநீர்க் குழாய் மாநகர சபையினுடையது, குடிநீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையினுடையது, மின்சாரமும் தொலைபேசியும் வேற வேற நிறுவனம். காலி வீதி ஏ2 என்பதால் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் வரும். அதனால சபைக்குள்ள மட்டும் வரைபடத்தைப் பகிர்ந்தால் பாதிப் பிரச்சினைதான் தீரும். மற்ற நிறுவனங்களிடம் முழு வலையமைப்புத் தரவையும் கேட்டால் பாதுகாப்புக் காரணம் சொல்லித் தரமாட்டாங்க. வேலை நடக்கப்போற துண்டையும் திகதியையும் மட்டும் வரைஞ்சு அனுப்பி, "இதுக்குள்ள உங்களுக்கு என்ன இருக்கு, இந்த வருஷம் வேலை இருக்கா?" என்று கேளுங்க. அதுக்குப் பதில் தருவது லேசு. தார் போடுற திட்டமும் அதே வரைபடத்தில் திகதியோட இருக்கணும், அப்பதான் குழாய் வேலையைத் தாருக்கு முதல் தள்ள முடியும்.

பழைய குழாய்களை நம்புறதிலும் அளவு வேணும். நகரத்தின் கழிவுநீர்க் குழாய்களில் நூறு வருஷம் தாண்டினதும் உண்டு. ஒவ்வொரு குழாய்க்கும் "எப்படித் தெரியும்" என்று ஒரு நிரல் வையுங்க: கருவி வச்சு அளந்ததா, பழைய பிளானைப் பார்த்து வரைஞ்சதா, ஊழியர் ஞாபகத்திலிருந்து சொன்னதா. அளந்ததை முழுக்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் காட்டுங்க. எல்லாம் ஒரே நீலக் கோடாக இருந்தால் தோண்டுற பெக்கோ இயந்திரம் ஓட்டுறவர் எல்லாத்தையும் நம்புவார்.

இவ்வளவும் செய்தும் இரண்டு வருஷத்தில் வரைபடம் பழசாகிப் போறதுக்குக் காரணம் ஒன்றுதான்: திருத்தம் செய்யாட்டியும் யாருடைய வேலையும் நிற்கிறதில்லை. அதை நிற்க வைக்கணும். கட்டி முடிச்ச அளவு வரைபடத்தில் ஏறாமல் இணக்கச் சான்றிதழ் இல்லை. ஒப்பந்தக்காரர் குழி மூட முதல், குழாய் வெளியில தெரியும்போதே சேர்வேயரைக் கூட்டி அளந்து கொடுக்காமல் கடைசி பில் இல்லை. மூடின பிறகு அளக்கிறது ஊகம், அதையும் புள்ளிக்கோடாகத்தான் போட வேண்டி வரும். இந்த வசனத்தை ஒப்பந்தப் பத்திரத்திலேயே எழுதிடுங்க, பிறகு கேட்டால் மேலதிகக் காசு கேட்பாங்க.

தொடங்குறதுக்கு ஒரு வட்டாரம் காணும். மதிப்பீடு, பொறியியல், வடிகால் என்று மூன்று பிரிவு, காணி, வீதி, மேன்ஹோல் என்று மூன்று லேயர். வரப்போற மாதங்களில் குழாய் வேலையோ தார் வேலையோ நிச்சயமாக நடக்கப்போற வட்டாரமாகப் பார்த்து எடுங்க. வரைபடத்திலிருந்து எழுமாறாக ஐம்பது மேன்ஹோலைத் தெரிஞ்சு, நேரில் போய் மூடியைத் திறந்து பாருங்க. லேயருக்கு இரண்டு பேரைப் பழக்குங்க, ஒருத்தர் இடமாற்றம் கிடைச்சுப் போனாலும் வேலை நிற்காது.