முதல் காசு மல்டிமீட்டருக்கு

வணக்கம் நண்பர்களே. எலக்ட்ரானிக்ஸ் பழகப் புதிதாக வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த கிட் வாங்கலாம்?" என்பதுதான். கிட் இப்போது வேண்டாம். முதலில் வோல்ட், ஓம் எல்லாம் அளக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். விலை குறைந்ததே போதும், ஆனால் இரண்டு முனைக்கும் நடுவே தொடர்பு இருந்தால் பீப் சத்தம் தரும் கன்டின்யூட்டி வசதி கட்டாயம் இருக்க வேண்டும்.

ஏன் என்று காட்டுகிறேன். இது 830 துளை பிரெட்போர்டு, பாகங்களை ஒட்டாமல் துளையில் செருகியே சர்க்யூட் போடும் பலகை. ஓரத்தில் சிவப்புக் கோடு போகிறதே, அதை ஒட்டிய துளைகள்தான் மின்சாரம் கொடுக்கும் வரிசை. அந்தக் கோடு நடுவில் கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது, தெரிகிறதா? மீட்டரின் ஒரு முனையை இந்தப் பாதியில் வைக்கிறேன், இன்னொன்றை அந்தப் பாதியில். சத்தமே இல்லை. உள்ளேயும் தொடர்பு அங்கே அறுந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லா போர்டும் இப்படி இருக்காது. இது தெரியாமல் நான் ஒரு சாயங்காலம் முழுக்க, எல்இடியை விட்டு விட்டு மின்ன வைக்கும் நல்ல 555 டைமர் ஐசியைக் கெட்டுப்போனது என்று நினைத்து மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன். ஒரு சின்ன வயரால் இரண்டு பாதியையும் இணைத்ததும் எல்இடி மின்ன ஆரம்பித்துவிட்டது.

பாகங்களில் 220 ஓம், 330 ஓம், 1 கே, 10 கே ரெசிஸ்டர்கள் பத்துப் பத்து. 104 என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர், பிசி547 டிரான்சிஸ்டர், இரண்டு 555, சிவப்பு எல்இடி கொஞ்சம். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் ஒரே நடையில் எல்லாம் கிடைத்துவிடும். எல்இடியை நேரடியாக 5 வோல்ட்டில் கொடுக்காதீர்கள், நடுவே 330 ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 3 வோல்ட். அதை 330 ஓமால் வகுத்தால் 9 மில்லிஆம்பியர். எல்இடிக்கு அது தாராளம். ரெசிஸ்டர் மேல் ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு என்று நிறப் பட்டை இருந்தால் அதுதான் 330.

அப்புறம் சால்டரிங், அதாவது உலோகக் கம்பியை உருக்கிப் பாகங்களைப் போர்டில் ஒட்டுவது. 25 வாட் அயன் போதும், லெட் எனும் அந்த உருகும் கம்பியை மட்டும் நல்லதாக வாங்குங்கள்: 60/40 (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்), உள்ளே பிளக்ஸ், அதாவது நன்றாக ஒட்ட உதவும் பசை, உள்ளது. மட்டமான லெட்டில் எவ்வளவு பழகினாலும் கை வராது, மனம்தான் விட்டுப்போகும். இதோ பாருங்கள், அயன் முனை போர்டில் உள்ள உலோக வட்டமான பேடையும், பாகத்தின் கம்பிக் காலையும் சேர்த்துத் தொடுகிறது. இரண்டு நொடி. இப்போது லெட்டை அயனில் வைக்காமல் எதிர்ப்பக்கம் காலில் வைக்கிறேன். தானாக உருகிச் சுற்றிலும் படர்கிறது. சின்ன எரிமலை மாதிரி சரிவாக, பளபளப்பாக நின்றால் சரி. உருண்டையாக நின்றால் உள்ளே ஒட்டியிருக்காது, மறுபடி சூடு காட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அது ஈயம்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், அந்தப் பக்கம் இப்போது போகவே வேண்டாம். பழைய மொபைல் சார்ஜரின் 5 வோல்ட்டே நமக்குப் போதும். அடுத்த வீடியோவில் அதை வைத்தே இந்த 555ஆல் எல்இடியை மின்ன வைப்போம். மீட்டரைப் பக்கத்தில் எடுத்து வையுங்கள்.