வேர்முடிச்சுப் புரதத்தின் உறவினரைத் தேடிய ஏஜென்ட்

வணக்கம். ஒரு புரதத்தின் அமினோ அமில வரிசையைக் கொடுத்தால், அதற்கு உறவான வரிசைகளைத் தரவுத்தளங்களில் தேடித் தரும் செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் ஒன்றை மூன்று வாரங்களாகப் பயன்படுத்திவருகிறேன். அது எங்கே நன்றாக உழைத்தது, எங்கே வழி தவறியது என்பதை ஒரே ஒரு புரதத்தை வைத்து இந்தக் காணொளியில் காட்டுகிறேன்.

மேசைமேல் இருப்பது நிலக்கடலைச் செடி. வேரில் ஒட்டியிருக்கும் இந்த முடிச்சுகளில் ஒன்றைப் பிளேடால் இரண்டாக நறுக்குகிறேன். உள்ளே வெளிறிய இறைச்சியின் சிவப்புத் தெரிகிறது, பாருங்கள். இந்த நிறம் லெக்ஹீமோகுளோபின் என்னும் புரதத்தால் வருவது. முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் வகைப் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்றதாக மாற்றுகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதி ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும். ஆனால் பாக்டீரியா சுவாசிக்கவோ ஆக்சிஜன் வேண்டும். அதைப் பிடித்துவைத்து அளவாக வழங்குவதுதான் லெக்ஹீமோகுளோபினின் பணி. நம் தசைகளில் ஆக்சிஜனைச் சேமிக்கும் மயோகுளோபினுக்கும் இதற்கும் மூதாதை ஒன்றே. ஆயினும் இரண்டின் வரிசைகளையும் அருகருகே வைத்து எண்ணினால், ஒத்துப்போகும் இடங்கள் 20 சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. விடை தெரிந்த, ஆனால் எளிதில் பிடிபடாத கணக்கு இது என்பதால்தான் சோதனைக்கு இதைத் தேர்ந்தேன். ஏஜென்டுக்குக் கொடுத்தது சோயாவின் லெக்ஹீமோகுளோபின் வரிசை.

முதலில் அது பிளாஸ்ட் நிரலை இயக்கியது. 1990-இல் ஆல்ட்ஷுலும் அவருடன் நால்வரும் வெளியிட்ட முறை அது. புரத வரிசையில் ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் ஓர் எழுத்தால் குறிப்பார்கள்; புரதங்களைப் பொறுத்தவரை, மூன்று மூன்று எழுத்துகளாக ஒத்துப்போகும் துண்டுகளைக் கண்டுபிடித்து, அவற்றை இருபுறமும் நீட்டிப் பார்க்கும். கிடைத்த ஒவ்வொரு பொருத்தத்துக்கும் இ-மதிப்பு ஒன்று வரும். இதே அளவுள்ள தரவுத்தளத்தில், உறவே இல்லாமல் தற்செயலாக மட்டும், இத்தனை நல்ல பொருத்தங்கள் எத்தனை வரக்கூடும் என்பதே அந்த எண்ணின் பொருள். ஆகவே தரவுத்தளம் இரு மடங்கானால், அதே பொருத்தத்தின் இ-மதிப்பும் ஏறத்தாழ இரு மடங்காகும். சிறிய தரவுத்தளத்தில் கிடைத்த எண்ணையும் பெரியதில் கிடைத்த எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது என்பதை ஏஜென்ட் தானாகவே குறித்துவைத்திருந்தது எனக்கு மிகுந்த நம்பிக்கையைத் தந்தது.

பிளாஸ்ட் பட்டியலில் நம்பத்தக்க மதிப்போடு வந்தவை எல்லாம் தாவர ஹீமோகுளோபின்களே. அனுபவமுள்ள ஆய்வாளர் இங்கே நிறுத்தமாட்டார், ஏஜென்டும் நிறுத்தவில்லை. கிடைத்த உறவினர்களை எல்லாம் அடுக்கி, ஒவ்வோர் இடத்திலும் எந்த அமினோ அமிலம் மாறாமல் நிற்கிறது என்று கணக்கிட்டு, அந்தச் சுருக்கத்தைக் கொண்டு மறுபடி தேடும் சை-பிளாஸ்ட் முறைக்கு மாறியது. அடுத்தடுத்த சுற்றுகளில் விலங்குகளின் குளோபின்கள், அதாவது மயோகுளோபினும் ஹீமோகுளோபினும் அடங்கிய குடும்பத்துப் புரதங்கள், ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. வரிசை மறந்துபோனதை வடிவம் நினைவில் வைத்திருக்கும் என்பதால், இன்னொரு சாட்சியாக முப்பரிமாண வடிவங்களை ஒப்பிடும் ஃபோல்ட்சீக்கையும் அது இயக்கியது.

தவறு அதற்குப் பிறகுதான் நேர்ந்தது. கிடைத்த உறவினர் சிலரை எடுத்து, அவர்களுக்கு யார் உறவு என்று ஏஜென்ட் புதிதாகத் தேடத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று ஈ.கோலை பாக்டீரியாவின் ஃப்ளேவோஹீமோகுளோபின். இந்தப் புரதத்தில் இரண்டு பகுதிகள் ஒட்டியிருக்கின்றன. முன்பாதி குளோபின், பின்பாதியோ எலக்ட்ரானைக் கடத்தும் ரிடக்டேஸ் நொதி. ஏஜென்ட் முழு வரிசையையும் தேடலுக்குக் கொடுத்துவிட்டது. பின்பாதியின் உறவினர்கள் திரண்டு வந்தனர். ஒளிச்சேர்க்கையில் பங்கேற்கும் ஃபெரடாக்சின் ரிடக்டேஸ்கூட லெக்ஹீமோகுளோபினின் 'தொலைதூர உறவினர்' என்று அறிக்கையில் ஏறிவிட்டது. இ-மதிப்புகள் அனைத்தும் மிகச் சிறியவை, அதாவது தற்செயல் என்று தள்ள முடியாதவை, நிரலும் பிழையின்றி ஓடியது. மாமன் வழியில் ஒருவரும் அத்தை வழியில் ஒருவரும் ஒரே வீட்டில் இருப்பதால் அவ்விருவரும் இரத்த உறவாகிவிடமாட்டார்கள் அல்லவா? இங்கே நடந்தது அதுவே.

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஒரு புரதத்துக்கு இடப்பட்ட தவறான பெயர் தரவுத்தளத்தில் ஒருமுறை ஏறிவிட்டால், அடுத்து வருபவர் அதைப் பார்த்துத் தம் புரதத்துக்கும் அதே பெயரை இடுகிறார். அவரைப் பார்த்து இன்னொருவர் இடுகிறார். மனிதர்கள் ஒருநாளில் பத்து வரிசைகளில் செய்யும் பிழையை, ஓய்வில்லாமல் இயங்கும் ஏஜென்ட் பல்லாயிரம் வரிசைகளில் செய்துவிடக்கூடும்.

ஆகவே அதற்கான கட்டளைகளைத் திருத்தி எழுதினேன். ஒரு பொருத்தத்திலிருந்து அடுத்த தேடலுக்குப் போகும்போது, பொருந்திய பகுதியின் தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் கூடவே செல்ல வேண்டும். அந்தத் துண்டை மட்டும் வெட்டித்தான் தேட வேண்டும். நிரலின் வெளியீட்டுக் கோப்பில் இல்லாத எந்த உறவையும், ஏஜென்டை இயக்கும் மொழி மாதிரி தன் நினைவிலிருந்து எடுத்து அறிக்கையில் சேர்க்கக்கூடாது. மீண்டும் இயக்கியபோது ரிடக்டேஸ்கள் அனைத்தும் விலகின. ஃப்ளேவோஹீமோகுளோபினின் முன்பாதி மட்டும், உரிய எண்களோடு, பட்டியலில் தங்கியது.

கடைசியாக ஏஜென்ட் தந்த சீரமைப்பை, அதாவது ஒத்த இடங்கள் நேருக்கு நேர் வரும்படி இரண்டு வரிசைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியதை, திரையில் பெரிதாக்குகிறேன். மேல் வரி சோயா, கீழ் வரி மயோகுளோபின். பெரும்பாலான இடங்களில் எழுத்துகள் வேறு வேறாக இருக்கின்றன. சுட்டி நிற்கும் இந்த நெடுவரிசையை மட்டும் பாருங்கள். வழக்கமான எண்முறைப்படி மேலே 92-ஆம் இடம், கீழே 93-ஆம் இடம்; இரண்டிலும் ஹிஸ்டிடின். இந்தப் புரதங்களுக்குள் ஆக்சிஜனைப் பிடிக்கும் ஹீம் என்னும் மூலக்கூறின் நடுவிலுள்ள இரும்பைப் பற்றியிருப்பது இந்த அமினோ அமிலந்தான்.