வெறுந்தாளை எப்படி வரைவது?

நேயர்களுக்கு வணக்கம். கோடை லீவில் பிள்ளைகளுக்கு ஓவியப் பட்டறை நடத்துகிறவள் என்பதால் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். 'பழைய சென்னை' என்று தலைப்பு கொடுத்தால் பிள்ளைகள் என்ன வரைவார்கள் என்று உங்களுக்கே தெரியும். கபாலி கோயில் கோபுரம், சென்ட்ரல் மணிக்கூண்டு, மேலே நீல வானம், நாலு காக்கா. அழகாகத்தான் இருக்கும், ஆனால் இருபது பேர் வரைந்தாலும் ஒரே படம்.

அதனால் இந்தத் தடவை ஒரே ஒரு இடம், பல தாள். இடம் பாரிமுனை, ஹைகோர்ட் நிற்கிற மண். தாள் ட்ரேஸிங் பேப்பர். ஒரு காலத்துக்கு ஒரு தாள், செயின்ட் ஜார்ஜ் கோட்டை மட்டும் எல்லாத் தாளிலும் அதே மூலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று வைக்கும்போது ஊரே நகர்ந்துவிடும். கடலோரக் கோடு அப்படி இல்லை, அது தாளுக்குத் தாள் மாறும். ஒரு காலத்தில் அலை கோட்டைக்குப் பக்கத்திலேயே வந்து அடித்தது. துறைமுகம் கட்டின பிறகுதான் அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா இவ்வளவு அகலமானது.

அடித்தாள் சுலபம். 1640இல் கோட்டை எழுந்ததும் அதன் வடக்குச் சுவரை ஒட்டி நெசவாளர்களும் வியாபாரிகளும் குடியேறிய ஊர், நடுவில் சென்னக் கேசவர் கோயில். பிள்ளைகள் குஷியாக வீடு வீடாகப் போட்டார்கள், ஒருத்தி வாசலில் கோலம்கூடப் போட்டாள். சரி, அடுத்த தாள்? 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், 1749இல் திருப்பிக் கொடுத்தார்கள். அப்புறம் ஆங்கிலேயர்கள், எதிரி ஒளிந்து வர இடமே இருக்கக் கூடாது, பீரங்கி சுட வெட்டவெளி வேண்டும் என்று அந்த ஊரை இடித்துத் தள்ளிவிட்டார்கள். கோயிலும் போயிற்று. அதற்குப் பதிலாகப் பிறகு கட்டியதுதான் இன்றைக்குப் பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் இருக்கிற கோயில்.

"அப்போ இந்தத் தாள்ல ஒண்ணுமே இல்லையே மிஸ், எப்படி வரையறது?" என்றான் ஒரு பையன்.

நான் பதில் சொல்லவில்லை. அவன் வெறும் தாளை அடித்தாளின் மேல் வைத்தான். கீழே இருந்த வீடுகளும் கோலமும் மங்கலாகத் தெரிந்தன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பென்சிலைப் படுக்கவைத்து அந்த இடம் முழுக்கப் புழுதி மாதிரி சாம்பலாகத் தேய்த்தான். கோலம் இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டான். பட்டறையிலேயே எனக்குப் பிடித்த தாள் அதுதான். வீட்டுச் சுவரில் மாட்டுகிற மாதிரி இல்லை என்று அவன் அம்மாவுக்கு வருத்தம்.

மேல் தாள்களில் விளக்குகள் வந்தன. இந்த ஊரின் முதல் கலங்கரை விளக்கம் 1796இல் கோட்டைக்குள், இன்றைக்கு மியூசியம் இருக்கிற கட்டடத்தின் மொட்டை மாடியில் எரிந்தது, தேங்காய் எண்ணெயில். இரண்டாவது, 1844இல் எழுந்த கருங்கல் தூண். ஹைகோர்ட் வளாகத்துக்குள் இப்போதும் நிற்கிறது, முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. 1892இல் சிவப்புக் கட்டடம் வந்தது, இரண்டு வருஷத்தில் அதன் உச்சிக் கோபுரத்துக்கே விளக்கை ஏற்றிவிட்டார்கள். நீதிமன்றத்தின் தலையில் கப்பலுக்கு வழிகாட்டுகிற விளக்கு! 1977இல் அது மெரினாவுக்கு இடம் மாறியது. ஒவ்வொரு தாளிலும் விளக்குக்கு மட்டும் மஞ்சள் கொடுங்கள் என்றேன். எல்லாத் தாளையும் அடுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அந்த மஞ்சள் புள்ளி ஊருக்குள் நடப்பது தெரியும்.

கடைசித் தாள் இன்றைய பாரிமுனை. இங்கேதான் பெரியவர்கள் தலையிடுவார்கள். கேபிள் ஒயரை அழி, பேனரை அழி, ஜூஸ் கடையை அழி, கட்டடம் 'நீட்டா' வரட்டும் என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அதுவும் ஒரு அடுக்குதான், நூறு வருஷம் கழித்துப் பார்க்கிறவனுக்கு அந்த ஜூஸ் கடைதான் சுவாரசியம்.

இதற்குப் பாரிமுனைக்கே போக வேண்டும் என்றில்லை. தி.நகரில் இருக்கிறீர்களா, உங்கள் அடித்தாள் முழுக்கத் தண்ணீர். 1920கள் வரை அந்தப் பக்கம் பெரிய ஏரி. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று பெயர்ப் பலகை இன்னும் இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். பிள்ளைகளிடம் முதலில் ஏரியைப் போடச் சொல்லுங்கள், அதற்கு மேல் உங்கள் அபார்ட்மெண்ட். பென்சிலாகவோ கிரேயானாகவோ இருக்கட்டும். வாட்டர் கலர் மட்டும் வேண்டாம், ட்ரேஸிங் பேப்பர் சுருண்டுவிடும். வணக்கம்.