வெயில் ஊரில் தயிர் மேக்கர்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூர் பாத்திரக் கடைகளில் இப்போது தயிர் மேக்கர் என்று ஒரு சின்ன மின்கருவி கிடைக்கிறது. பிளாஸ்டிக் உடம்பு, அடியில் மெல்லிய ஹீட்டர், உள்ளே ஒரு லிட்டர் பிடிக்கிற எவர்சில்வர் கிண்ணம் அல்லது ஆறேழு கண்ணாடிக் குப்பிகள், மேலே ஒரு மூடி. யோகர்ட் என்று தனிப் பொத்தான் உள்ள எலெக்ட்ரிக் குக்கர்களும் வந்துவிட்டன. தை மாதத்தில் இவற்றில் கத்தியால் வெட்டலாம் போலத் தயிர் தோயும். அதே கருவியில் சித்திரை வந்ததும் தோயாமல் பாலாகவே கிடக்கும், இல்லாவிட்டால் கட்டி வேறு தண்ணீர் வேறாகப் பிரிந்து நிற்கும். கருவி பழுதாகிவிட்டது என்று மூலையில் போட்டுவிடாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு ஏற்றபடி அதை ஓட்ட வேண்டும். இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறோம்.

விலை குறைந்த தயிர் மேக்கர்கள் பலவற்றில் தெர்மோஸ்டாட், அதாவது சூடு ஓர் அளவை எட்டியதும் ஹீட்டரைத் தானாக நிறுத்தும் பாகம், கிடையாது. 10 முதல் 20 வாட் வரையிலான ஹீட்டர் நிறுத்தாமல் ஒரே அளவில் சுட்டுக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட கருவி, பாலை இத்தனை டிகிரியில் வைப்பேன் என்று கணக்கு வைத்திருப்பதில்லை. அறை என்ன சூட்டில் இருக்கிறதோ அதைவிட ஏறக்குறைய 20 டிகிரி கூடுதலாக வைக்கும், அவ்வளவுதான். அறை 22 டிகிரி என்றால் பால் 42, 43 டிகிரியில் நிற்கும். தயிருக்கு அருமையான சூடு அது. ஆனால் கத்திரி வெயிலில் மாடிவீட்டுச் சமையலறை 37 டிகிரியில் இருக்கும்போது அதே கருவி பாலை 55 டிகிரிக்கு மேல் கொண்டுபோய்விடும். 46, 47 டிகிரியைத் தாண்டினாலே தயிர் மணல்மணலாகத் தோய ஆரம்பிக்கும். 55ஐத் தாண்டினால் உறையில் இருக்கும் பாக்டீரியா செத்துப்போகும். பிறகு எத்தனை மணி நேரம் வைத்தாலும் பால்தான்.

ஆகவே, கருவி வாங்கியதும் பாலை ஊற்றாதீர்கள். முதலில் தண்ணீர் வைத்துப் பாருங்கள். 40 டிகிரி வெதுவெதுப்பில் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றி, மூடி, சுவிட்சைப் போடுங்கள். சமையலுக்கென்று விற்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர், நீளமாகக் கம்பி நீட்டிக்கொண்டிருக்குமே, அதைக்கொண்டு 2 மணி நேரம், 4 மணி நேரம், 6 மணி நேரம் கழித்து அளந்து எழுதி வையுங்கள். 40 முதல் 44க்குள் நின்றால் நல்ல கருவி. ஏறிக்கொண்டே போனால் அந்தக் கருவியில் தெர்மோஸ்டாட் இல்லை. இந்தச் சோதனையை மார்கழியில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை செய்ய வேண்டும். ஒரு பருவத்தில் அளந்தது இன்னொரு பருவத்துக்கு உதவாது. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிற பழக்கத்தை இதற்கு நம்பவேண்டாம். வெயில் காலத்தில் நம் தோலே சூடேறிக் கிடப்பதால் அந்தக் கணிப்பு தவறிப்போகலாம்.

சூடு மீறுகிற கருவியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. மாசியிலிருந்து ஆவணி வரைக்கும் முதல் ஒரு மணி நேரம் மட்டும் சுவிட்சைப் போட்டு, பிறகு நிறுத்திவிடுங்கள். மூடியைத் திறக்கவேண்டாம். அறைச் சூடே மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். அக்கினி நட்சத்திர நாட்களில் அந்த ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படாது. நேராகச் சொல்வதானால், வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கத்து வீடுகளுக்கு இந்தக் கருவி உண்மையில் உதவுவது கார்த்திகைக் கடைசியிலிருந்து தை முடியும்வரைதான். ஏலகிரி, ஜவ்வாது மலை ஊர்களில் இருப்பவர்களுக்கு இன்னும் பல மாதங்கள் பயன்படும்.

இனி பால். நீலப் பாக்கெட் ஆவின் பாலில் கொழுப்பு 3 சதவீதம், கொழுப்பு நீங்கிய திடப்பொருள் 8.5 சதவீதம். பச்சையில் கொழுப்பு 4.5. ஆரஞ்சில் 6, திடப்பொருளும் 9. கெட்டித்தன்மை கொழுப்பால் மட்டும் வருவதில்லை, புரதத்தால்தான் முக்கியமாக வருகிறது. அதனால் நீலப் பாலிலும் கெட்டியான தயிர் எடுக்கலாம். லிட்டருக்கு 20 முதல் 30 கிராம், அதாவது தலை தட்டிய மூன்று, நான்கு மேசைக்கரண்டி, கொழுப்பு நீக்கிய பால்பவுடரைப் பால் ஆறியிருக்கும்போதே கரைத்து, பிறகு அடுப்பில் ஏற்றுங்கள். சூடான பாலில் போட்டால் திரண்டு நிற்கும். 60 கிராமைத் தாண்டினால் வாயில் மாவு போல ஒட்டும்.

பாலைப் பொங்கவிட்டு உடனே இறக்கினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிருமி சாவதற்கு அது போதும், தயிருக்குப் போதாது. பாலில் இருக்கும் மோர்ப்புரதம் 85 டிகிரியில் 20 முதல் 30 நிமிடம் இருந்தால் சுருள் பிரிந்து, பாலின் முக்கியப் புரதமான கேசினோடு போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால்தான் தயிரின் வலை நெருக்கமாகி, தண்ணீரை விடாமல் பிடிக்கும். தீயைச் சிறுத்து, விளிம்பில் சின்னச் சின்ன நுரை வருகிற பதத்தில், அடிபிடிக்காமல் நடுநடுவே கிளறிக்கொண்டு 20 நிமிடம் வையுங்கள். கடைத் தயிருக்கும் வீட்டுத் தயிருக்கும் கெட்டியில் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்த 20 நிமிடத்தில்தான் இருக்கிறது. இதைச் செய்தால் பால்பவுடரே தேவைப்படாத வீடுகள் நிறைய.

பிறகு 43 டிகிரிக்கு ஆற்ற வேண்டும். பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்துக் கிளறினால் கால்மணி, இருபது நிமிடத்தில் ஆறிவிடும். கோடையில் மொட்டைமாடி டேங்கிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரே 40 டிகிரி இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். மண்பானைத் தண்ணீரோ, விடியற்காலையில் பிடித்து வைத்த தண்ணீரோ வேண்டும்.

உறைமோருக்கு வருவோம். தயிரில் முக்கியமாக இரண்டு கூட்டம் பாக்டீரியா உண்டு. முதல் கூட்டமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸும் லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸும் 40 முதல் 45 டிகிரியில் வேகமாக வளரும். இரண்டாம் கூட்டமான லாக்டோகாக்கஸ் வகைகளுக்கு 30 டிகிரிதான் சுகம். நம் வீடுகளில் தலைமுறையாக ஓடிவருகிற உறையில் இரண்டும் கலந்திருக்கும். வீட்டுத் தயிரில் ஒரு வெண்ணெய் மணம் வருகிறதே, அது அந்த இரண்டாம் கூட்டமும் அதன் துணைகளும் தருவது. கருவியில் 43 டிகிரியில் திரும்பத் திரும்பத் தோய்த்தால் அந்தக் கூட்டம் மெல்ல மெல்ல ஒடுங்கிவிடும். தயிர் கெட்டியாகவே இருக்கும், மணம் மட்டும் மாறிப்போகும். பாட்டி காலத்து உறையைக் காப்பாற்ற நினைப்பவர்கள் ஒரு சின்னக் கிண்ணத்தில் அதைத் தனியாக, கருவிக்கு வெளியே, அறைச் சூட்டிலேயே தோய்த்து வாருங்கள். சூட்டை மாற்றி வைக்கும் வசதியுள்ள கருவி என்றால் 36, 37 டிகிரியில் வைத்து 7, 8 மணி நேரம் விடலாம். என் வரையில் சாதத்தில் பிசைந்து சாப்பிட அந்தத் தயிர்தான் தயிர்.

உறையின் அளவும் நேரமும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. ஒரு லிட்டருக்கு 20 கிராம், அதாவது ஒன்றரை மேசைக்கரண்டி ஊற்றினால் 43 டிகிரியில் 4 முதல் 5 மணி நேரத்தில் தோய்ந்துவிடும். இரவு வைத்துக் காலையில் எடுப்பவர்கள் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொண்டால் 7, 8 மணி நேரம் பிடிக்கும். நிறைய ஊற்றினால் கெட்டியாகும் என்பது தவறு. அமிலம் சட்டென்று ஏறிப் புளிக்கும், தண்ணீரும் விடும். உறையை முதலில் இரண்டு கரண்டிப் பாலில் கட்டியில்லாமல் அடித்து, பிறகு மொத்தப் பாலில் ஊற்றி, அடிவரைக்கும் கிளறுங்கள். உறை 3, 4 நாளுக்கு உட்பட்டதாக, எச்சில் கரண்டியோ உப்போ படாததாக இருக்க வேண்டும்.

கருவி சூடு தரும். குளிர்விக்காது. குளிர்நாட்டு வீட்டில் கருவி நின்றுவிட்டால் தயிரும் ஆறிப் புளிப்பும் மட்டுப்படும். இங்கே மே மாதத்தில் டைமர் அணைந்த பிறகும் தயிர் 38 டிகிரியிலேயே உட்கார்ந்திருக்கும், புளித்துக்கொண்டே போகும். ஆகவே கையேட்டில் எழுதியிருக்கிற 8 மணி நேரத்தைப் பார்க்காமல், 4 மணி நேரத்திலேயே மூடியைத் திறந்து, கிண்ணத்தை லேசாகச் சாயுங்கள். ஓரம் பாத்திரத்தை விட்டு விலகி, நடுவில் அசையாமல் நின்றால் முடிந்தது. அப்படியே ஃபிரிட்ஜுக்கு. 5 டிகிரிக்குள் 6 மணி நேரம் ஆட்டாமல் வைத்தால் இன்னும் இறுகும். எழுந்து பார்க்க முடியாத இரவுகளில் தோய்ப்பதைவிட, கோடையில் காலையில் தோய்த்து மதியச் சாப்பாட்டுக்கு முன் ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது.

எலெக்ட்ரிக் குக்கர் வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பால் காய்ச்சும் முறையில் அது ஏறக்குறைய 83 டிகிரியில் நின்றுவிடும், அதனால் அதையே இன்னொரு தடவை ஓடவிடுங்கள். உள்பாத்திரத்தை வெளியே எடுத்துப் பாலை ஆற்றினாலும், குக்கரின் அடித்தட்டு கொதித்துக்கொண்டிருக்கும். அது ஆறுவதற்கு முன் உறை ஊற்றிய பாத்திரத்தைத் திரும்ப வைத்தால் அடிப்பகுதி மட்டும் வெந்து திரியும். பிரியாணி வைத்த கேஸ்கெட்டோடு தயிர் தோய்த்தால் தயிரில் பட்டை கிராம்பு வாசம் அடிக்கும். தயிருக்கென்று தனி கேஸ்கெட் வாங்கி வையுங்கள். சாதம் வைக்கிற ரைஸ் குக்கரின் வார்ம் நிலையில் தயிர் தோய்க்கவே கூடாது. அது 60 டிகிரிக்கு மேல்.

மின்சாரம் போனால் மூடியைத் திறக்காமல் கருவியைத் தடித்த துண்டால் போர்த்துங்கள். நம் ஊரில் ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சில கருவிகளில் கரண்ட் வந்ததும் டைமர் முதலிலிருந்து தொடங்கும், சிலவற்றில் தொடங்காமலே நிற்கும். போய்ப் பார்க்க வேண்டும். குப்பிகளைச் சுற்றித் தண்ணீர் ஊற்றுகிற வகைக் கருவிக்குப் போர்த் தண்ணீரைப் பயன்படுத்தினால் தட்டில் வெள்ளையாக உப்புப் படியும், சூடு ஏறுவது குறையும். எலுமிச்சைச் சாறு விட்டு ஊறவைத்துத் துடைத்தால் போய்விடும்.

தயிர் நூல் நூலாகக் கொழகொழவென்று வந்தால் பெரும்பாலும் சூடு போதவில்லை என்று பொருள். சூடு குறைவாக இருக்கும்போது சில வகை பாக்டீரியா சர்க்கரைப் பசை ஒன்றை உண்டாக்கும். உறையை மாற்றி, 42 டிகிரிக்கு ஏற்றுங்கள், சரியாகும். மேலே மஞ்சள் நிறத்தில் தண்ணீர் நின்றால் நேரம் கூடிவிட்டது, அல்லது தோயும்போது யாரோ ஆட்டியிருக்கிறார்கள். மேற்பரப்பு மட்டும் குழிகுழியாக இருந்தால் மூடியில் கோத்த நீர் சொட்டியிருக்கிறது, மூடிக்கு அடியில் மெல்லிய துணி கட்டுங்கள். இளஞ்சிவப்போ பச்சையோ திட்டுத் தெரிந்தால் ஓரத்தை வழித்துப் பார்க்காமல் முழுவதும் கொட்டிவிடுங்கள்.

சூடு சரி, உறை சரி, இருந்தும் தோயவில்லை. அணைக்கட்டு, காட்பாடி பக்கத்துக் கிராமங்களில் வீட்டு மாட்டுப் பால் வாங்குபவர்கள் இதைக் கவனியுங்கள். மடிநோய்க்கு மாட்டுக்கு ஊசி போட்டிருந்தால் அந்த மருந்து சில நாட்களுக்குப் பாலில் வரும். காய்ச்சினாலும் முழுவதும் போகாது. மாட்டின் நோய்க் கிருமியைக் கொல்கிற அதே மருந்து தயிர்ப் பாக்டீரியாவையும் வளரவிடாது. கால்நடை மருத்துவர் சொல்கிற நாள்வரைக்கும் அந்தப் பாலைத் தோய்க்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது. தயிர் தோயாமல் போனது அங்கே ஒரு எச்சரிக்கை. பால்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஆம்பூர் பிரியாணிக்கு வெங்காயத் தயிர்ப் பச்சடி செய்யப் புளிக்காத, தண்ணீர் விடாத தயிர் வேண்டும். தோய்ந்த தயிரை வெள்ளைத் துணியில் கட்டி, வடிகட்டியின் மேல் வைத்து, 3 மணி நேரம் ஃபிரிட்ஜுக்குள்ளேயே வடியவிடுங்கள். ஆணியில் தொங்கவிட்டால் வடிவதற்குள் புளித்துவிடும். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய அரைக் கிலோ கெட்டித்தயிர் நிற்கும். வடிந்த தண்ணீரைக் கொட்டவேண்டாம். கேழ்வரகுக் கூழ் கரைக்க அதைவிட நல்லது கிடையாது. அடுத்த முறைக்கான உறையை வடிகட்டுவதற்கு முன்பே, நடுவிலிருந்து, ஈரமில்லாத கரண்டியால் எடுத்து மூடி வைத்துவிடுங்கள். ஊருக்குப் போகிறவர்கள் அதை ஐஸ் தட்டில் கரண்டி கரண்டியாக ஊற்றி உறையவிட்டால் ஒரு மாதம்வரை தாங்கும். திரும்பி வந்ததும் ஒரு லிட்டருக்கு இரண்டு கட்டி போட்டு, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.

நன்றி, வணக்கம்.