குயின்ஸ்டவுன்: குதிப்பதற்கு முன் புறங்கையில் எழுதும் எண்

[காட்சி: ஒரு புறங்கை. அதில் சிவப்பு மையில் 71. பின்னணியில் ஆற்றின் இரைச்சல்.]

வணக்கம். இந்த எண்ணைப் பாருங்கள். எழுபத்தொன்று. இது என் எடை. நியூசிலாந்தின் தென் தீவில், கவராவ் ஆற்றின் குறுக்கே நிற்கும் பழைய தொங்கு பாலத்துக்கு, காலில் ரப்பர் கயிற்றைக் கட்டிக் குதிக்கும் பங்கி ஜம்ப்புக்காகப் போகும் முன் என்னைத் தராசில் ஏற்றி, எடையைப் புறங்கையில் எழுதிவிட்டார்கள். பாலத்தின் மேல் இருந்தவர் முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல, இந்த எண்ணைத்தான். அதைப் படித்த பிறகே எந்தக் கயிறு எனக்கு என்று முடிவு செய்தார்.

சாகச விளையாட்டு என்றதும் துணிச்சலைப் பற்றியே பேசுகிறோம். விளிம்புவரை நடந்து போகத் துணிச்சல் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். விளிம்பைத் தாண்டிய பிறகு அதற்கு வேலையே இல்லை. அங்கிருந்து உங்களைக் காப்பது யாரோ ஒருவர் கவனமாகப் போட்ட கணக்கு. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்த வீடியோ.

[காட்சி: வானிலிருந்து ஏரி. மின்னல் கீற்றைப் போல் வளைந்து கிடக்கும் நீலம். கரையில் சிறிய ஊர்.]

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். ஊர் குயின்ஸ்டவுன், ஏரி வாகாடிபு. பனியாறு மலைகளுக்கு நடுவே குடைந்து வைத்த பள்ளம் இது. நீளம் சுமார் 80 கிலோமீட்டர். நீர்மட்டம் கடலுக்கு மேல் 310 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆழமோ சுமார் 380 மீட்டர். கழித்துப் பாருங்கள்: மலை மேல் இருக்கும் இந்த ஏரியின் அடித்தளம் கடல் மட்டத்துக்கும் கீழே போகிறது.

இவ்வளவு ஆழமான நீர் கோடையிலும் சூடேறுவதில்லை. பார்க்கக் கண்ணாடி போல் இருக்கிறதே என்று பலரும் கரையிலிருந்து குதித்துவிடுகிறார்கள். குளிர்ந்த நீரில் திடீரென்று விழும்போது மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. வாய் தானாகத் திறந்து காற்றை இழுக்கும். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் தண்ணீரைக் குடித்துவிடுவார். கயாக் எடுத்தாலும் துடுப்புப் பலகையில் நின்றாலும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். இந்த ஊரில் மிகச் சாதாரணமாகத் தெரியும் பொழுதுபோக்கு ஏரியில் துடுப்பு போடுவதுதான். அதில்தான் பயணிகள் மிகவும் அசட்டையாக இருக்கிறார்கள் என்பது நான் கண்ணால் பார்த்தது.

[காட்சி: குறுகிய பாறைப் பள்ளத்தாக்கு. சிவப்புப் படகு ஒன்று பாறையை உரசுவது போல் திரும்புகிறது.]

1862ஆம் ஆண்டின் இறுதியில், இங்கே ஆட்டுப் பண்ணை வைத்திருந்த வில்லியம் ரீஸிடம் ஆட்டு ரோமம் வெட்டும் வேலை பார்த்த இரண்டு பேர், ஷாட்ஓவர் ஆற்றங்கரையில் தங்கம் கண்டார்கள். செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். ஆட்டுப் பண்ணை ஊரானது. தங்கம் தீர்ந்து கூட்டம் கலைந்தது. ஆறும் பாறை இடுக்குகளும் பாலங்களும் மிஞ்சின. பிற்காலத்தில் சாகச விளையாட்டு வந்து உட்கார்ந்தது அந்த மிச்சங்களின் மேல்தான்.

ஷாட்ஓவரில் இப்போது ஓடுவது ஜெட் படகு. இது நியூசிலாந்தின் சொந்தப் பிள்ளை. கேன்டர்பரியின் மேட்டு நிலத்தில் பண்ணை வைத்திருந்த பில் ஹாமில்டன் என்ற பொறியாளருக்கு ஒரு தலைவலி இருந்தது. அவர் ஊர் ஆறுகள் அகலமானவை, ஆனால் கணுக்கால் அளவே ஆழமானவை, அடியில் முழுக்கக் கூழாங்கல். சாதாரண மோட்டார் படகின் விசிறி நீருக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். கல்லில் பட்டால் உடைந்துவிடும். 1950களின் தொடக்கத்தில் அவர் விசிறியையே படகுக்குள் கொண்டுபோனார். அடிப்பக்கத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கக் குழாய் வழியாக வேகமாகப் பீய்ச்சும் ஏற்பாடு அது. தண்ணீர் பின்னால் பாய, படகு முன்னால் பாயும். ஊதிய பலூனின் வாயைத் திறந்துவிட்டால் அது ஓடுகிறதே, அதே தத்துவம்தான். 1960இல் இந்தப் படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் வழியாக நீரோட்டத்தை எதிர்த்து மேலேறிக் காட்டின.

[காட்சி: படகின் பின்பக்கக் குழாயின் வரைபடம். அது இடமும் வலமும் திரும்புகிறது.]

இந்தப் படகில் சுக்கான் கிடையாது. நீரைப் பீய்ச்சும் குழாயின் வாயைத் திருப்பினால் படகு திரும்பும். அப்படியானால் நீர் பாயாவிட்டால்? படகு திரும்பாது! பாறை எதிரே வரும்போது பழக்கமில்லாதவர் பயந்து வேகத்தைக் குறைப்பார். ஜெட் படகில் அதுதான் ஆபத்து. வேகத்தோடு திசையும் கையை விட்டுப் போய்விடும். பாறைக்கு ஒரு முழம் தள்ளி ஓட்டுநர் ஏன் இயந்திரத்தை முறுக்குகிறார் என்று முன்பு எனக்குப் புரிந்ததில்லை. வித்தை காட்டுகிறார் என்று நினைத்திருந்தேன். திரும்புவதற்கே அந்த விசை வேண்டும் என்று தெரிந்த பிறகு, அதே ஓட்டுநர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. வேகமாக ஓடும் படகு திடீரென்று ஒரு முழு வட்டம் அடிக்கும். அதற்கு ஹாமில்டன் டர்ன் என்று பெயர். உங்கள் வேலை ஒன்றுதான்: எதிரே உள்ள கம்பியை இரு கையாலும் பிடித்திருப்பது. படம் எடுக்க ஒரு கையை விடாதீர்கள்.

[காட்சி: பசிபிக் தீவு. மரக்கொம்புகளால் கட்டிய உயரமான கோபுரம்.]

இனிப் பாலத்துக்கு வருவோம். பங்கி ஜம்ப்பின் வேர் பசிபிக் பெருங்கடலில், வனுவாட்டுவின் பெந்தெகொஸ்து தீவில் இருக்கிறது. அங்கே ஆண்கள் கணுக்காலில் காட்டுக் கொடியைக் கட்டிக்கொண்டு மரக் கோபுரத்திலிருந்து தரையை நோக்கிக் குதிப்பார்கள். வள்ளிக்கிழங்கு விளைச்சலோடு சேர்ந்த சடங்கு அது. கொடியில் சாறு இருக்கும் மாதங்களில் மட்டுமே நடக்கும், ஏனென்றால் அப்போதுதான் கொடி இழுபட்டுக் கொடுக்கும். 1974இல் பிரிட்டிஷ் அரசி வருகிறார் என்பதற்காகப் பருவம் தவறி நடத்தினார்கள். கொடிகள் இழுபடாமல் அறுந்தன. குதித்தவர்களில் ஒருவர் முதுகு உடைந்து இறந்துபோனார். தங்கள் கொடியின் குணத்தை அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருந்தார்கள். விருந்தாளிக்காக அந்த அறிவை ஒதுக்கி வைத்ததற்கு ஓர் உயிர் விலையாகிவிட்டது.

1979 ஏப்ரல் 1 அன்று, இங்கிலாந்தின் பிரிஸ்டலில் உள்ள கிளிஃப்டன் தொங்கு பாலத்திலிருந்து ஆக்ஸ்ஃபோர்டின் ஒரு சாகசக் குழுவினர் ரப்பர் கயிற்றோடு குதித்தார்கள். நியூசிலாந்துக்காரரான ஏ. ஜே. ஹாக்கெட்டை அது பிடித்துக்கொண்டது. அவரும் அவருடைய கூட்டாளி ஹென்றி வான் ஆஷும் ரப்பர் கயிற்றை முறையாகச் சோதித்து, எந்த எடைக்கு எவ்வளவு இழுபடும் என்று கணக்கு வைக்கத் தொடங்கினார்கள். 1987 ஜூனில் ஹாக்கெட் பாரிஸின் ஈஃபெல் கோபுரத்திலிருந்து குதித்தார். கீழே போலீஸ் காத்திருந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில், 1880இல் தங்க வேட்டைக்காரர்களின் போக்குவரத்துக்காகக் கட்டிய கவராவ் பாலத்தில், 30 நாள் அனுமதியோடு கடை விரித்தார்கள். முதல் நாள் 28 பேர், தலைக்கு 75 டாலர் கொடுத்துக் குதித்தார்கள். அன்று தொடங்கியது இன்னும் நடக்கிறது.

[காட்சி: பாலத்திலிருந்து கீழே பார்க்கும் கோணம். 43 மீட்டர். பச்சை நீலத்தில் ஆறு.]

உயரம் 43 மீட்டர். கயிறு இறுகும் முன் பத்து மீட்டர் விழுந்தாலே உங்கள் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். இதை ஒரேயடியாகச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கிரிக்கெட்டில் உயரமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையை மார்போடு பின்னால் இழுத்துக்கொள்கிறோம் அல்லவா? கையை விறைப்பாக நீட்டிப் பிடித்தால் விரல் உடையும். நிறுத்த எடுக்கும் தூரம் கூடினால் அடி குறையும். பங்கி கயிறு செய்வதும் அதையேதான். நூற்றுக்கணக்கான மெல்லிய ரப்பர் இழைகளை ஒன்றாகக் கட்டிய அந்தக் கயிறு, தன் நீளத்தைப் போல் பல மடங்கு இழுபட்டு, உங்கள் வேகத்தை மெல்ல மெல்ல வாங்கிக்கொள்கிறது.

இங்கேதான் 71 வருகிறது. கனமானவருக்கான தடித்த கயிற்றை ஒல்லியானவருக்குக் கட்டினால் அது போதிய அளவு இழுபடாது. உடம்பு வெட்டி இழுக்கப்படும். ஒல்லியானவருக்கான கயிற்றைக் கனமானவருக்குக் கட்டினால் அளவுக்கு மேல் இழுபடும். ஆறு அருகே வந்துவிடும். கவராவில் விரல் நுனி மட்டும் நீரைத் தொட வேண்டும் என்று கேட்டால் அதற்கேற்பக் கயிற்றை அளந்து விடுகிறார்கள். 43 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒரு மனிதரை ஆற்றின் மேற்பரப்பில் கொண்டு நிறுத்துகிற அந்தத் துல்லியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அதற்கு அவர்கள் உங்களிடம் கேட்பது உண்மையான எடை மட்டும். எடையைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்பவர்கள் நம்மில் நிறையப் பேர். வீட்டில் கூச்சப்படுங்கள், பாலத்தில் வேண்டாம். கேட்டு எழுதிக்கொள்ளும் இடத்தில் அல்லாமல், தராசில் ஏற்றிப் பார்க்கும் இடத்தில் குதியுங்கள். நம் ஊர் மலைகளில் பாராகிளைடிங் போகும்போதும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "என் எடையைப் பார்க்க மாட்டீர்களா?"

அருகிலேயே நெவிஸ் பள்ளத்தாக்கில் 134 மீட்டர் உயரத்தில் ஒரு தளம் இருக்கிறது. விழும் நேரம் சுமார் எட்டரை நொடி. என் கருத்தில் முதல் முறை குதிப்பவர் அங்கே போக வேண்டாம். உயரம் கூடுவதால் அனுபவம் அதே அளவு கூடுவதில்லை. கவராவில் ஆற்றின் ஓசை காதில் விழும், நெவிஸில் காற்று மட்டும்தான்.

[காட்சி: ஒரு படிவத்தை நிரப்பும் கை.]

ஒரு படிவம் தருவார்கள். நம்மில் பலர் படிக்காமலே கையெழுத்துப் போடுவோம். தலைகீழாகத் தொங்கும்போது கண்ணிலும் தலையிலும் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். உயர் ரத்த அழுத்தம், விழித்திரைக் கோளாறு, முதுகு அல்லது கழுத்து அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் குதிக்கக் கூடாது. நம் குடும்பங்களில் ரத்த அழுத்தம் எவ்வளவு சகஜம் என்று உங்களுக்குத் தெரியும். மாத்திரை போடுகிறேன், சரியாகிவிடும் என்று மறைக்காதீர்கள். மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பயணத்தைத் திட்டமிடுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல மரணங்களுக்குப் பிறகு, 2011இல் நியூசிலாந்து சாகச நிறுவனங்களுக்குப் பாதுகாப்புத் தணிக்கையையும் பதிவையும் கட்டாயமாக்கியது. அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஸ்கைடைவிங்கும் பாராகிளைடிங்கும் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் கீழும், ஜெட் படகு கடல்சார் ஆணையத்தின் கீழும் வருகின்றன.

அந்த நாட்டில் விபத்து இழப்பீட்டுத் திட்டம் ஒன்று 1974 முதல் நடப்பில் உள்ளது. யார் தவறு என்று பார்க்காமல், சுற்றுலாப் பயணிக்கும் காயத்துக்கான சிகிச்சைச் செலவில் உதவும். அதற்கு ஈடாக, காயத்துக்காக நிறுவனத்தின் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போடும் உரிமை பெரும்பாலும் இல்லை. தாயகம் திரும்பும் செலவையும், பாதியில் நின்ற பயணத்தின் செலவையும் அந்தத் திட்டம் தராது. காய்ச்சல் போன்ற சாதாரண நோய்க்கும் பொருந்தாது. ஆகவே பயணக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். அந்தக் காப்பீட்டில் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்று நுண்ணிய எழுத்துகளைப் படியுங்கள்.

[காட்சி: பாலத்தின் விளிம்பு. ஓர் இளைஞர் நிற்கிறார், தலையை ஆட்டுகிறார், பின்வாங்குகிறார்.]

எனக்கு முன்னால் நின்ற இந்தத் தம்பி குதிக்கவில்லை. மூன்று முறை விளிம்புக்குப் போய்த் திரும்பினார். பணியாளர் அவர் தோளில் கைவைத்து, காலில் கட்டியதை அவிழ்த்து, வந்த வழியே நடத்திக் கூட்டிப்போனார். யாரும் சிரிக்கவில்லை. அவருடைய நண்பர்கள் மட்டும் கரையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார்கள். தயவுசெய்து அப்படிக் கத்தாதீர்கள். விளிம்பில் நிற்பவருக்குத் தன் உடம்பின் சொல் மட்டும் கேட்கட்டும்.

நான் குதித்தேன். விழுந்ததை விட, மேலும் கீழும் ஆடி ஓய்ந்தபோது ஆற்றின் மேல் தலைகீழாகத் தொங்கிய அமைதிதான் நினைவில் நிற்கிறது. கீழே ரப்பர் படகில் இருந்தவர்கள் நீண்ட கம்பை நீட்டினார்கள்; பிடித்துக்கொண்டேன்.

[காட்சி: மாலை. ஏரிக்கரைக் கூழாங்கற்கள். தொலைவில் 1912இல் கட்டிய எர்ன்ஸ்லா நீராவிக் கப்பலின் புகை.]

அன்று மாலை ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். மாவோரி மக்களிடம் இந்த ஏரிக்கு ஒரு கதை உண்டு. மனாட்டா என்ற பெண்ணை மட்டாவ் என்ற அரக்கன் கவர்ந்து சென்றான். அவளை நேசித்த மட்டகாவுரி, அரக்கன் தூங்கும்போது தீ வைத்தான். எரிந்த உடல் நிலத்தைக் குழித்தது, உருகிய பனி அதை நிரப்பியது. அவன் தலை ஏரியின் வடமுனையில் உள்ள கிளெனார்க்கியில், பாதம் தென்முனையில் உள்ள கிங்ஸ்டனில், மடக்கிய முழங்கால் குயின்ஸ்டவுனில். இதயம் மட்டும் எரியவில்லை. அடியில் இன்னும் துடிக்கிறது.

அந்தத் துடிப்பைக் கண்ணால் பார்க்க முடியும். பாத்திரத்தில் நீரை அசைத்தால் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு ததும்புவது போல, ஏரி முழுவதும் காற்றாலும் காற்றழுத்தத்தாலும் ததும்புகிறது. ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு சாணுக்கும் குறைவாக, கரையில் நீர் ஏறி இறங்குகிறது. டிக்கெட் இல்லை, படிவம் இல்லை. நீர் முடியும் கோட்டில் ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை வைத்துவிட்டு அருகில் உட்காருங்கள். நான் வைத்த கல் முதலில் உலர்ந்த தரையில் இருந்தது. எண் அழியாத புறங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது கல்லைச் சுற்றிலும் தண்ணீர்.