விட்வொர்த்தின் மூன்று தட்டுகள்
(தொழிற்பயிற்சி மாணவர்கள் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, என்னையும் நினைவில் வைத்து அழைத்த முதல்வர் அவர்களே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் சிறுதொழில் சங்கத்துப் பெரியவர்களே, பட்டறை ஆசிரியர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையையும் விட்டு இறங்கியதில்லை. இன்று இதற்குச் சாட்சியாக ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயரைக் கூட்டி வந்திருக்கிறேன். 1803இல் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தவர். தட்டு, மரை, துப்பாக்கி என்று அவரைப் பற்றி மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன்.

முதலில் தட்டு. சொந்தக்காரருடைய பஞ்சாலையில் வேலை பழக விட்டார்கள். பையனுக்கோ இயந்திரத்தின் மேல்தான் ஆசை. மான்செஸ்டருக்குப் போய் மெக்கானிக் ஆனார். 1825இல் லண்டனில், இயந்திரம் செய்வதில் பேர்போன ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் சேர்ந்தார். பக்கத்து இடத்தில் ஜான் ஹாம்ப்சன் என்ற யார்க்‌ஷயர்க்காரர், அங்கேயே கை தேர்ந்த வேலைக்காரர். அப்பழுக்கில்லாத சமதளம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று விட்வொர்த்துக்கு ஒரே வெறி.

தம்பிகளே, இரண்டு இரும்புத் தட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டே சரிசெய்தால் ஒன்று குழிந்திருக்கும், மற்றது அதற்கேற்றபடி மேடாகியிருக்கும். இரண்டும் அச்சாகப் பொருந்தும், ஆனால் இரண்டுமே தப்பு! அதனால் மூன்று தட்டு வேண்டும். ஒன்றில் சாயம் தடவி அடுத்ததன் மேல் வைத்தால், மேடான இடத்தில் மட்டும் சாயம் ஒட்டும். அந்தப் புள்ளியைச் சுரண்டியால் மெல்லச் சுரண்ட வேண்டும். தட்டுகளை ஜோடி மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். மூன்றும் எல்லா ஜோடியிலும் ஒத்துப்போனால்தான் அது சமதளம். இந்த முறை மாட்ஸ்லேயிடமே இருந்தது என்பாரும் உண்டு. தட்டோடு தட்டைத் தேய்ப்பதை விட்டுவிட்டு, சுரண்டித்தான் முடிக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னவர் விட்வொர்த். ஹாம்ப்சன் தட்டைப் பார்த்துவிட்டு, "சாதித்துவிட்டாயப்பா" என்றாராம். கைப்பழக்கம் ஐயா, கைப்பழக்கம்!

1833இல் மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை வைத்தார். அடுத்தது மரை, அதாவது திருகின் மேல் சுற்றிச் சுற்றி ஓடுகிற பள்ளம். அப்போது பட்டறைக்கொரு மரை. ஓரிடத்து போல்ட் இன்னோரிடத்து நட்டில் ஏறாது. பல பட்டறைகளின் திருகுகளைச் சேகரித்து, சராசரி பார்த்து, பள்ளத்தின் இரண்டு சரிவுக்கும் நடுவே 55 டிகிரி கோணம் இருக்கும்படி ஒரே மரையை 1841இல் முன்வைத்தார். உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் மரையில் இன்றும் அந்த 55 டிகிரிதான் இருக்கிறது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். துப்பாக்கியை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பட்டறை வைத்துப் பெரும்பணம் சம்பாதித்த விட்வொர்த் 1868இல் என்ன செய்தார் தெரியுமா? ஆண்டுக்கு 100 பவுண்ட் வீதம் 30 உதவித்தொகைகளை ஏற்படுத்தினார். படிப்போடு பட்டறை வேலையும் தெரிந்த இளைஞர்களுக்காக! ஏட்டுப் படிப்பு மட்டும் போதாது என்பதை அந்த மனிதர் பட்டறையிலேயே கண்டவர்.

நம்மூரில் அரம் பிடிக்கிற பிள்ளைக்கு என்ன இருக்கிறது? பிட்டர், டர்னர் படிக்கும் பிள்ளை பஸ் காசுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் திண்டாடிப் பாதியில் நிற்கிறது. அப்புறம் நல்ல ஆள் கிடைக்கவில்லை என்கிறோம். சித்திரமும் கைப்பழக்கம் என்றால், பழகுகிற காலத்தில் அந்தக் கைக்குச் சோறு வேண்டாமா?

சங்கத்துப் பெரியவர்களே, பட்டறைக்கு ஒரு மாணவர் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். சாப்பிடப் போகும் முன் அதில் உங்கள் பட்டறையின் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். வணக்கம்.