கரையில் நிற்பவரின் கண்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘சமகாலப் படைப்புக்கு விமர்சகர் துணையா, தடையா?’ என்ற கேள்விக்கு, துணையே என்று வாதாட வந்திருக்கிறேன். இருபது ஆண்டுகளாகப் புதிய புத்தகங்களுக்கும் ஓவியக் காட்சிகளுக்கும் மதிப்புரை எழுதி வாழ்பவன் நான்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், நீந்தத் தெரியாதவன் கரையில் நின்று நீச்சல் சொல்லிக்கொடுப்பதற்குப் பெயர்தான் விமர்சனம் என்றார். அரங்கம் கைதட்டியது. அதற்குச் சான்றாக, 1874-இல் பாரிஸில் மோனே என்ற ஓவியர் காட்சிக்கு வைத்த சூரியோதய ஓவியத்தை லூயி லெரோய் என்ற விமர்சகர் எள்ளி நகையாடிய கதையையும் சொன்னார். சுவரில் ஒட்டும் தாள்கூட இதைவிட முழுமையாக இருக்கும் என்று லெரோய் எழுதியது உண்மைதான். ஆனால் நண்பர் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்லியாக வேண்டும்.

அந்தக் காட்சி நடந்த அறைக்குள் ஒருமுறை போய் வருவோம். நாடார் என்ற புகைப்படக் கலைஞர் முன்பு தொழில் நடத்திய இடம் அது. படமும் பெரியதன்று, 48 சென்டிமீட்டர் உயரம், 63 சென்டிமீட்டர் அகலம். சாம்பல் படர்ந்த துறைமுகம், இரண்டு மூன்று படகுகள், நடுவே செம்மஞ்சளாய் ஒரு சூரியன். லெரோய் பார்த்தார், சிரித்தார், எழுதினார். நான்கே நாள் கழித்து காஸ்தன்யாரி என்ற இன்னொரு விமர்சகர், மோனேயும் அவரோடு காட்சி வைத்த ஓவியர்களும் வரைவது நிலக்காட்சியை அன்று, அக்காட்சி மனத்தில் எழுப்பும் உணர்வை என்று எழுதினார். அதே காட்சி, அதே சுவர். ஒருவருக்கு அரைகுறையாகத் தெரிந்தது இன்னொருவருக்குப் புதிய பார்வையாகத் தெரிந்தது. லெரோய் கேலியாகச் சூட்டிய ‘இம்ப்ரெஷனிஸ்ட்’, அதாவது மனப்பதிவைத் தீட்டுபவர், என்ற பெயரையே அந்த ஓவியர்கள் 1877-இல் தங்கள் காட்சிக்குச் சூட்டிக்கொண்டார்கள். எதிரணியினர் லெரோயைக் காட்டட்டும். நான் காஸ்தன்யாரியைக் காட்டுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துப் பாருங்கள். சூரியன் ஏறக்குறையக் காணாமற்போகும். சுற்றியுள்ள வானத்துக்கும் அதற்கும் ஒளியின் அளவு ஏறத்தாழ ஒன்றே. நிறம் மட்டுமே அதைப் பிரித்துக் காட்டுகிறது. நின்று, நெடுநேரம் பார்த்தவர்கள் கண்டு சொன்ன செய்தி இது. நீந்துகிறவருக்குக் கையும் மூச்சும்தான் கவனம். ஆறு எங்கே சுழிக்கிறது என்பது கரையில் நிற்பவர் கண்ணுக்குத்தான் முதலில் படும்.

புத்தகத்திலும் இதே கதைதான். முதல் தொகுப்பு வெளியிட்ட கவிஞரை நான் இரண்டு முறை வாசிக்காமல் ஒரு வரியும் எழுதுவதில்லை. ஒரே ஒருமுறை, அவசரத்தில், பாதி வாசித்துவிட்டு ஒரு நாவலைக் கடுமையாக எழுதினேன். பின்னர் முழுவதும் வாசித்தபோது, நான் குறை என்று சொன்னதற்கான விடை அதன் கடைசி அத்தியாயத்தில் இருந்தது. அந்தத் தவற்றை அடுத்த இதழிலேயே அச்சில் ஒப்புக்கொண்டேன்.

நடுவர் அவர்களே, வாதத்தை விட்டு ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். ஓர் ஓவியர், கூடத்தின் தரை முழுவதும் மண்ணைப் பரப்பி ஒரு நிறுவல் கலைப்படைப்பு செய்தார். காட்சி முடிந்ததும் மண்ணை வாரிக் கொட்டிவிட்டார்கள். எஞ்சிய ஒரு புகைப்படமும் கறுப்பு வெள்ளை. அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மகள் என்னைத் தேடி வந்தார். “ஐயா, அப்போது நான் கைக்குழந்தை. அப்பா பரப்பிய அந்த மண் என்ன நிறம்?” என்று கேட்டார்.

பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். ‘நடுவில் செங்காவி, சுவரோரம் ஈரம் காயாத கருமை, வாசலருகே ஒரு சிறு குழந்தையின் காலடித் தடம், கலைஞர் அதை அழிக்கவில்லை’ என்று வாசித்தேன். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.